ஒன்பதாம் தேதித் தாள்

என் மனைவியின் அண்ணன் சென்ற ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை மாலையில் இறந்தான். அவனுடைய கல்லறைக் கல்லில் ஜூலை பத்து என்று வெட்டியிருக்கிறது. அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தவன் நான். ஊரில் பாதிப் பேர் அதை வன்மம் என்றார்கள். இப்போது எல்லோரும் நோய் என்கிறார்கள். எனக்கு வன்மம் என்ற பேச்சே மேலாக இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவன் என்னைவிட எட்டு மாதம் இளையவன். அதனால் மனைவிக்கு அண்ணன் ஆனாலும் அவன் என்றே எழுதுகிறேன்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும் முதல் வேலை, முத்திரையில் நேற்றைய தேதியைக் கழற்றிவிட்டு இன்றைய தேதியை மாட்டுவது. மாட்டியதும் அதற்கென்று இருக்கும் நோட்டில் ஒரு முறை குத்திப் பார்க்க வேண்டும். அந்த நோட்டுகளில் என் காலத்தில் ஒரு தப்பு முத்திரை கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு அதே காரியத்தை வீட்டுத் தினசரிக் காலண்டரில் செய்துவந்தேன். எழுந்ததும் பல் துலக்கும் முன்பே தாளைக் கிழிப்பேன். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்து இறந்தோர் ஏடு ஒன்றும் வைத்திருந்தேன். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் அப்போது தனிச் சாமியார் இல்லை. பதிவேடெல்லாம் தாய்ப்பங்கில், எங்கள் கோவிலுக்குத் தலைமையான வெளியூர்க் கோவிலில், பூட்டிக் கிடக்கும். நினைவுநாள் பூசைக்குத் தேதி வேண்டும் என்றால் ஆட்கள் பஸ் ஏறிப் போக வேண்டும். நான் எழுத ஆரம்பித்ததும் என் வீட்டுக்கு வந்து பழகிவிட்டார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கல்லறைக்குக் கல் வைக்கிறவர்கள் என்னிடம் சீட்டு வாங்கிப் போவார்கள். என் கையால் எழுதிய சீட்டு இல்லாமல் கல்வெட்டுகிறவர் உளியை எடுக்க மாட்டார். கல்லறைத் தோட்டத்தில் கடைசி நாற்பது ஆண்டுகளில் நட்ட கல் ஒவ்வொன்றிலும் இருப்பது நான் சொன்ன தேதி.

மச்சானோடு பகை வந்ததும் ஒரு தேதியால்தான். அவன் தன் அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஒன்பது வருடம் தவறான நாளில் நினைவுப் பூசை வைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தள்ளி. தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், அறுபது பேர் முன்னால், ஏட்டைத் திறந்து வாசித்துக் காட்டினேன். அன்று இரவு விருந்தில் அவன் மைக்கைப் பிடித்தான்.

"எங்க மாப்ள தபாலாபீசுல ரிட்டயர் ஆனாரு. இப்ப எமனுக்கு கிளார்க்கா சேந்திருக்காரு. எல்லாரும் ஒரு கை தட்டுங்கப்பா."

தட்டினார்கள். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் நான் அவன் வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

இனி தூக்கத்துக்கு வருகிறேன். அதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது.

எனக்குத் தூக்கம் துண்டு துண்டாக வர ஆரம்பித்து மூன்று ஆண்டுகள் இருக்கும். சரியான தேதி தெரியாது. நான் தேதி குறிக்காத ஒரே விஷயம் அது. படுத்தால் ஒரு மணி நேரம், பிறகு விழிப்பு, பிறகு அரைமணி. என் குறட்டை நடுவில் அறுந்துபோய், மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு நீரில் முங்கி எழுந்தவன் மாதிரி இழுத்துவிடுகிறேன் என்று மனைவி சொல்வாள். நான் நம்பவில்லை. பகலில் செய்தித்தாளைப் பிடித்தபடியே உறங்கிப்போவேன். அதை நானே வாசிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

கூடவே வேறொன்றும் வந்தது. மறதி இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறுவது கடினமாயிற்று. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது பேசினால் பொத்தான் நின்றுவிடும், பதிலும் நின்றுவிடும். நடை சின்னச் சின்ன அடியாயிற்று. பிப்ரவரியில் சின்னமனூரில் பஸ் படியிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். மனைவி அடுத்த வாரமே தேனிக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

மருத்துவருக்கு என் மகள் வயதுகூட இராது. முதல் கேள்வியே எனக்குச் சிரிப்பை மூட்டியது.

"இன்னைக்கு என்ன தேதி, சொல்லுங்க ஐயா."

"பிப்ரவரி பதினொன்று, செவ்வாய். தை இருபத்தொன்பது. லூர்து மாதா திருநாள். போதுமா?"

"எனக்கே இவ்வளவு தெரியாது" என்றாள். அடுத்து ஒரு தாளைத் தந்தாள். அதில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து அ, அங்கிருந்து இரண்டு, அங்கிருந்து ஆ, இப்படி மாறி மாறிக் கோடு போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு. நான் மூன்று வரை போனேன், இ வரை போனேன், நான்கு வந்தது. அங்கிருந்து நேரே ஐந்துக்கு இழுத்தேன். "மறுபடி பாருங்க" என்றாள். மறுபடியும் ஐந்துக்கே இழுத்தேன். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

என் தலையை ஸ்கேன் எடுத்த கறுப்புப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள். என் மூளைக்குள் கொப்பரைத் தேங்காயில் பூசணம் பிடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மிகச் சின்ன ரத்தக் குழாய்கள் பல வருட ரத்தக் கொதிப்பில் தடித்துச் சுருங்கியிருக்கின்றன என்றாள். பக்கவாதம் மாதிரி ஒரே நாளில் அடிப்பதில்லை, சத்தமில்லாமல் நடப்பது என்றாள்.

"உங்களுக்குத் தேதி மறக்கலை. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறதுலதான் தடுமாறுறீங்க. தூக்கம் எப்படி?"

"ஒன்பது மணிக்குப் படுத்தா அஞ்சு மணி."

"பொய்யி, டாக்டர்" என்றாள் என் மனைவி.

முப்பத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் மூன்றாம் மனிதர் முன்னால் அவள் என்னை அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. மருத்துவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தாள். இந்த நோய் இருக்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது நிறைய உண்டு, தூக்கம் கெட்டால் யோசனை இன்னும் மந்தமாகும், எது எதை இழுக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் தூக்கத்தைச் சரிபண்ணப் பார்க்கலாம் என்றாள். மதுரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி மூச்சைப் பரிசோதிக்கச் சொன்னாள். அதுவரை எப்போது படுக்கிறார், எப்போது எழுகிறார் என்று யாராவது ஒருவர் எழுதி வையுங்கள் என்றாள்.

மதுரைக்கு வர மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பஸ் பழனிசெட்டிபட்டியைத் தாண்டும்போது மனைவி கேட்டாள்.

"ஒரு நோட்டு குடுங்க."

"என்னத்துக்கு?"

"டாக்டர் எழுதச் சொன்னாகள்ல."

"எங்கிட்ட இருக்கிற நோட்டு அதுக்கில்ல."

"அறுபது நோட்டு வச்சிருக்கீக. செத்தவுகளுக்கு நோட்டு இருக்கு, மழைக்கு இருக்கு, ஆத்துத் தண்ணிக்கு இருக்கு. உசுரோட இருக்கவுகளுக்கு ஒண்ணு கெடையாதா?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் படத்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்தேன். "ஊர்ல ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் ஏடு நம்ம வீட்டுல இருக்காது, பாத்துக்க" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது என் பழக்கம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு தெரிந்தது.

ஜூலை ஒன்பதுக்கு வருகிறேன். மச்சான் இரண்டு வாரமாகப் படுக்கையில் கிடந்தான். என் மனைவி மதியமே அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன்.

விழித்தபோது சன்னலில் சாம்பல் வெளிச்சம். மேற்கிலிருந்து காற்று, சாரல். தெருமுனையில் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் உறுமல் கேட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அதில்தான் விடியலில் ஏறுவார்கள். அதிலேயேதான் சாயங்காலம் வந்து இறங்குவார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. விடிந்துவிட்டது என்று எழுந்தேன். காலண்டர் தாளைக் கிழித்தேன். பத்து, வியாழன் வந்தது. நாட்குறிப்பை எடுத்துப் பத்தாம் தேதி போட்டு, "5.40க்கு எழுந்தேன். சாரல்" என்று எழுதினேன். எழுதி முடிக்கும்போது கோவிலில் ஆறு மணி செபத்துக்கு மணி அடித்தது. எங்கள் கோவில் மணி காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒரே மாதிரித்தான் அடிக்கும்.

பிறகு என் பட்டன் போன் அடித்தது. மனைவி.

"அண்ணன் போயிருச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

போனில் மணி பார்த்தேன். 6:20 என்று இருந்தது. அந்தப் போன் காலை மாலை காட்டாது. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் பேசாத ஆள். நான் செய்தது, ஏட்டைத் திறந்து மை ஊற்றும் பேனாவால் எழுதியது. ஜூலை 10, வியாழன், காலை 6.20. அவன் பெயர். அவன் அப்பா பெயர். கோடு.

அதற்கப்புறம்தான் பல் துலக்கப் புறவாசலுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, விளக்கு வைக்கிற நேரத்துல பல்லு வெளக்குறீக?"

வானத்தைப் பார்த்தேன். வெளிச்சம் கூடவில்லை, குறைந்துகொண்டிருந்தது. வாயில் பற்பசை நுரை.

"பல்லு வலி" என்றேன்.

"மச்சினரு போயிட்டாராம்ல, கேட்டீகளா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா பல்லு வெளக்குறீக?"

வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் வாசலுக்குப் போனேன். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுக்காரி யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. ஏட்டில் எழுதியதைப் பற்றிய நினைவே இல்லை. நான்கிலிருந்து ஐந்துக்கு இழுத்த பென்சில் மாதிரி, வெட்கத்துக்கு இழுத்த மனம் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் பத்தாம் தேதி மாலை நான்கு மணிக்கு அடக்கம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அவன் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். "மாமா, கல்லறைத் திருநாளுக்குள்ள கல்லு வச்சிரணும். சீட்டு வேணும்" என்றான். அப்பாவோடு எனக்கு இருந்த பகையை அவன் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். நல்ல பையன். நான் ஏட்டைத் திறந்தேன், உள்ளதைப் பார்த்து எழுதினேன். ஜூலை 10. அடக்கத்துக்குப் போய் நின்றவன் நான். முதல் நாள் மாலை மச்சான் வாசலில் நின்றவனும் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்குள் நிகழவில்லை. சீட்டை மடித்துக் கொடுத்தபோது எழுத்து அழகாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் இரண்டு, ஞாயிறு, கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும். சாமியார் ஒவ்வொரு புதுக் கல்லாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். மச்சான் கல்லின் மேல் கிடந்த துணியை மகன் எடுத்தான். மச்சான் மனைவி குனிந்து விரலால் எழுத்துகளைத் தடவிக்கொண்டே வந்தாள். விரல் நின்றது.

"ஏலே, பத்தா?"

"மாமா சீட்டுல அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றான் மகன்.

அவள் எழுந்து என் பக்கம் திரும்பினாள். கணவனின் தங்கை புருஷன் என்பதால் நான் அவளுக்கு அண்ணன் முறை.

"அண்ணே, புதங்கெழம பொழுது அடையயில உசுரு போச்சு. அன்னிக்கு ராத்திரி முழுக்க கண்ணு மூடாம அந்த ஆளு தலமாட்டுல உக்காந்திருந்தேன். பத்தாந்தேதி செத்தாருன்னா அந்த ராத்திரி எங்கண்ணே போச்சு? எங்க கொண்டு போயி வச்சிருக்கீக?"

பின்னாலிருந்து ஒருவர், "விடு ஆத்தா, எமனோட கிளார்க்குல்ல. மச்சானுக்கு ஒரு நாள் ஆயுசு கூட்டிக் குடுத்திருக்காரு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இது ஆயுசு இல்ல. வன்மம்" என்றாள் அவள். "மாமனாருக்கு ஒரு நாள் தப்புன்னு அந்த ஆள சபையில வச்சு அசிங்கப்படுத்துனாரு. செத்தும் விடல."

அந்த நேரத்தில் எனக்குள் எழுந்தது என்ன என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி. வன்மத்துக்குக் கூர்மையான மூளை வேண்டும். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கல்லில் ஒரு நாளைத் திருத்துகிறவன் பூசணம் பிடித்த கொப்பரை இல்லை.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். பத்தாம் தேதிப் பக்கத்தில் நான் இரண்டு முறை எழுந்திருந்தேன். "5.40க்கு எழுந்தேன். சாரல்." அதற்குக் கீழே, "6.10க்கு எழுந்தேன். சாரல் இல்லை." ஒரே மை, ஒரே கை. மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிருவோம்" என்றாள்.

"சொல்லாத."

"எங்க அண்ணன் மேல காழ்ப்புல எழுதுனீகன்னு ஊரே பேசுது. மதினி வீட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"காழ்ப்புன்னே இருக்கட்டும்."

"ஒங்களுக்கு இருக்கட்டும். எனக்கு?"

"ஏடு போயிரும்" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் மறுபடியும் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோவில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவை கூடியது. சாமியார் இளைஞர். மேசையில் என் ஏடு. ஒரு பக்கம் மச்சான் மனைவியும் மகனும். பேரவைக்காரர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேரின் அப்பா கல்லுக்கு நான்தான் சீட்டு எழுதியிருந்தேன்.

"ஐயா, கை தவறி எழுதுனீங்களா?" என்றார் சாமியார். தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டார்.

"எனக்குக் கை தவறாது, சாமி."

"அப்ப?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

அறை கொதித்தது. ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சாமியார் கையை உயர்த்தி அமர்த்தினார். கடைசியில் பேரவைத் தலைவர் ஒரு முடிவு சொன்னார். கோபத்தில் மனிதன் செய்கிறதுதான், கல்லறைக்கு முன்னால் நின்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும், கல்லைத் தன் பொறுப்பில் திருத்திக் கொடுக்கட்டும், மற்றபடி நாற்பது வருடக் கை, ஏடு அவரிடமே இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம்தான். எழுந்தேன். மன்னிப்பு என்ற சொல்லின் முதல் எழுத்து உதட்டில் வந்துவிட்டது.

அப்போது என் மனைவி உள்ளே வந்தாள். கையில் துணிப்பை. அதிலிருந்து முதலில் கறுப்புப் படத்தை எடுத்தாள். என் இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். சாவி இருந்தது. பீரோவுக்கு இரண்டாவது சாவி உண்டு என்பது எனக்கும் தெரியும். அது எங்கே இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் படத்தைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இது அவுக தலை. மாசி மாசத்துக்கு முன்னாடியே எடுத்தது. இந்த வெள்ளையெல்லாம் நோவு. இவுகளுக்குத் தூக்கமே கெடையாது, சாமி. தூங்கி எந்திரிச்சா எந்நேரம்னு தெரியாது. தெரிஞ்சு எழுதல. தெரிஞ்சு எழுதுனேன்னு சொல்றதுதான் பொய்யி."

அந்தப் பொய்யி என்ற சொல்லை இரண்டாவது முறையாகக் கேட்டேன்.

பிறகு பையிலிருந்து அவள் எடுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பில் குத்தி வைக்கிற மாதிரி ஒரு கம்பி. அதில் நான் கிழித்துப் போட்ட காலண்டர் தாள்கள், பிப்ரவரியிலிருந்து, ஒன்று விடாமல். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சில் எழுத்து. நான் நோட்டுத் தர மறுத்ததால் என் குப்பையிலேயே எழுதியிருக்கிறாள். எப்போது படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், மூச்சு எவ்வளவு நேரம் நின்றது, மறுநாள் என்னென்ன தடுமாறினேன். என் வீட்டுக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால், என்னைப் பற்றியே ஓர் ஏடு ஒன்பது மாதமாக வளர்ந்திருக்கிறது. நான் இறந்தவர்களை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என்னை எழுதிக்கொண்டிருந்தாள்.

கம்பியிலிருந்து ஒரு தாளை உருவிச் சாமியாரிடம் நீட்டினாள். ஜூலை ஒன்பது. அவர் முதுகுப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.

"அண்ணன் எறந்த அண்ணைக்கு. சீலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். காலண்டர்ல பத்து காட்டுது. அவுகதான் சாயங்காலமே கிளிச்சிருக்காக. பல்லு வெளக்குனாகன்னு பக்கத்து வீட்ல சொன்னா. மதியம் ரொம்ப நேரம் தூங்கிருக்காக."

கிழிச்சிருக்காக என்பதற்கு ழ போடாமல் ள போட்டிருந்தாள். அந்த நேரத்திலும் அது என் காதில் அல்ல, எட்டிப் பார்த்த கண்ணில் பட்டது. அண்ணன் பிணம் வீட்டில் கிடக்க, சீலை எடுக்க வந்த இடத்தில் நின்று எழுதியிருக்கிறாள்.

அறையில் கோபம் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் வந்தது இன்னும் மோசம். எல்லோரும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் அதே நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்க பெரியப்பா" என்றார். ஒரு மணி நேரம் முன்னால் அவர் என்னை அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மச்சான் மனைவி மட்டும் பரிவு காட்டவில்லை. அதற்காக அவளை நான் இன்றும் மதிக்கிறேன்.

"அப்ப வன்மங்கூட இல்லையா?" என்றாள். "வன்மம்னா எம்புருசன நெனச்சுல்ல எழுதிருப்பாரு. ஒண்ணுமே நெனைக்காமத்தான் எழுதுனாரா?"

நகர்த்திப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏடு யாரிடம் இருப்பது என்ற பேச்சு ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. பேரவைத் தலைவர் அந்தக் கம்பியை எடுத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "இந்தம்மாவே எழுதட்டுமே" என்றார். எட்டுக் கைகள் உயர்ந்தன. என் மனைவி ஏட்டை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள், படத்துக்கும் தாள்களுக்கும் நடுவில். வீட்டுக்கு இருவரும் ஒரே தெருவில்தான் நடந்தோம், பத்தடி இடைவெளி விட்டு.

பிறகு மதுரைக்குப் போனோம். மூச்சு நிற்பது உண்மைதான். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார்கள். அது முகத்தில் ஆட்டுக்குட்டிக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருக்கிறது. நான் கழற்றி எறிவேன், மனைவி எடுத்து மாட்டுவாள், காலையில் இரண்டையும் எழுதுவாள். தேனி மருத்துவர் அந்தக் காலண்டர் தாள்களை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தாள். இப்படி யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றாள். என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. மதியம் நான் நெடுநேரம் உறங்கிய நாட்களையும் தடுமாறிய நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டினாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். பகல் தூக்கம் இப்போது இருபது நிமிடம்தான். இருபத்தோராம் நிமிடம் என் மனைவி தலைமாட்டில் தட்டை வைத்துத் தட்டுவாள். காலண்டரை அவள்தான் கிழிக்கிறாள். நான் தொடக் கூடாது. ஒன்றிரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். "கைய எடுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் என் முப்பத்துநான்கு வருட முத்திரையும் போயிற்று.

ஏட்டில் அவள் இதுவரை நான்கு மரணங்கள் எழுதியிருக்கிறாள். இரண்டு எழுத்துப் பிழை, தேதிப் பிழை இல்லை. ஒவ்வொரு முறையும் செத்த வீட்டுக்குப் போய், கூட இருந்தவர் யார் என்று கேட்டு, அவர் வாயால் சொன்ன பிறகே எழுதுகிறாள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எனக்குக் கோவிலில் அடிக்கும் சாவு மணி காதில் விழும், அது போதும் என்று இருந்தேன். ஜூலைப் பக்கத்தில் திருத்தத்தை மட்டும் என்னையே போட வைத்தாள். பழைய வரியின் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான தேதி, கீழே என் கையெழுத்து. தபால் அலுவலகத்தில் தப்பைத் திருத்துகிற முறை அது. முப்பத்துநான்கு வருடத்தில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

கல்தான் பாக்கி. ஜனவரியில் கல்வெட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பத்து இருக்கும் இடத்தைக் குடைந்து, அதே நிறத்தில் சின்னப் பலகை பதித்து ஒன்பது வெட்டலாம் என்றார். உளியை எடுத்து வைக்கும்போது மச்சான் மனைவி வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓடி வந்த மூச்சு வாங்கியது.

"தொடாதீக."

"தப்பா இருக்குத்தா. திருத்திருவோம்."

"இருக்கட்டும். ஒங்க ஏட்டுல திருத்திட்டீகள்ல, அது ஒங்களுக்கு. இது எனக்கு. இங்கன வந்து போறவுகெல்லாம் பாக்கட்டும்."

"நூறு வருசம் கழிச்சு வர்றவனுக்கு யாரு சொல்லுவா? அவன் கல்லத்தான் நம்புவான்."

"நம்பட்டும். நீங்க வருசா வருசம் வந்து நின்னு பாருங்க. அது போதும்."

கல்வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் சீட்டு இல்லாமல் உளி எடுக்காத அதே ஆள்.

ஆகவே கல் அப்படியே நிற்கிறது, நிற்கும். ஏடு ஒரே ஒரு பிரதி. கறையான் தின்றாலும் தின்னும். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அவன் இறந்தது ஜூலை ஒன்பது, புதன்கிழமை, மாலை. நேரம் ஆறு அடிக்கக் கொஞ்சம் முன்னால் என்று அவன் மனைவி சொல்கிறாள். ஆறு மணி செபம் முடிந்த பிறகு என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அவர்கள் இருவரும் விழித்திருந்தவர்கள்.